தாது வருஷத்துக் கதவு

எந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும் நான் முதலில் பார்ப்பது தாழ்ப்பாள்களைத்தான். மாத்திரை டப்பா, பி.பி. மெஷின், படுக்கை எல்லாம் அதற்குப் பிறகு. வயதானவர்கள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். உள்ளே வழுக்கி விழுவார்கள். வெளியே நிற்பவருக்குச் சத்தம் கேட்கும், கை எட்டாது. மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் கதவை உடைத்துத்தான் ஒரு அம்மாவை வெளியே தூக்கினோம். கதவை உடைக்க ஆள் வருவதற்குள் அவர் ஈரத் தரையில் கிடந்து விறைத்துவிட்டார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு சட்டம் உண்டு. என் பொறுப்பில் இருப்பவர் எந்தக் கதவையும் உள்ளே இருந்து தாழிடக் கூடாது.

சிதம்பரத்தில் சேதுமாதவன் சார் வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

"பாத்ரூம் தாழ்ப்பாள கழட்டணும் சார்."

"நான் என்ன கொழந்தையா?"

"கொழந்தைக்குத் தாழ்ப்பாள் எட்டாது சார். உங்களுக்கு எட்டுது. அதான் கழட்டுறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும் இடத்தைச் சொன்னார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். வாசல் கதவில் இருந்தது பழைய பித்தளைத் தாழ்ப்பாள், ஆணி துருவேறிக் கழலவில்லை. அதை நகர்த்த முடியாதபடி மேலே பிளாஸ்திரி டேப் சுற்றிவிட்டேன். இரவில் நான் சாவி போட்டுப் பூட்டிச் சாவியை என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.

அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. சர்க்கரை, புராஸ்டேட், முழங்கால் மூன்றும் உண்டு. கண்ணில் நடுப் பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் தெரியும். அதனால் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரைப் பார்ப்பார். புதிதாக வருபவர்கள் தங்களை அவர் மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். வருபவர்களும் அதிகம் இல்லை. பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், மாதம் ஒரு முறை ரத்தம் எடுக்க லேப் பையன். சந்நிதித் தெருவில் ஜனம் நாளெல்லாம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். மணி அடிக்கும். அந்தச் சத்தமெல்லாம் ஜன்னல் வரைக்கும் வரும், அதோடு சரி.

கடலூரில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். சிதம்பரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வந்தார். வாழ்நாளில் எழுதியது ஒரே புத்தகம். அதுவும் ஒரே விஷயம், தாது வருஷத்துப் பஞ்சம். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தாறில் மழை பொய்த்து இரண்டு மூன்று வருஷம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த பஞ்சம். செத்தவர்களைப் பற்றியே ஒருவர் ஆயுள் முழுக்கப் படிக்க முடியுமா என்று எனக்கு அப்போது தோன்றியது. என் தொழிலில் ஆள் செத்தால் படுக்கையை மடித்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பேசுவார். பேச வேறு ஆள் இல்லை.

"மொதல்ல எழுதினப்ப எனக்கு முப்பத்தாறு வயசு. கடலூர் ஓ.டி. துறைமுகத்துல நெல்லு மூட்டை கப்பல் ஏறிண்டிருந்தது, கரையில ஜனம் செத்துண்டிருந்தது. வெள்ளைக்காரன்தான் கொன்னான்னு எழுதினேன். எல்லாரும் கை தட்டினா."

"தப்பா சார் அது?"

"தப்பில்லை. ஆனா அதோட நிறுத்திட்டேன். மூட்டையை வித்தது யாரு? நெல்லைக் கட்டி வெச்சது யாரு? எங்க தாத்தாவோட தாத்தா பத்தாயத்துலயும் நெல்லு இருந்திருக்கு. பதினெட்டு வருஷம் கழிச்சு ரெண்டாம் பதிப்பு போட்டேன். அதுல நம்ம ஜனத்தையும் சேர்த்து எழுதினேன். அப்ப யாரும் கை தட்டலை."

"கால நீட்டுங்க."

அந்த இரண்டாம் பதிப்பில் ஒரு புது அத்தியாயம் உண்டு. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில், வெள்ளாற்றுக்கு வடகரையில் இருக்கும் ஒரு ஊரைப் பற்றியது. ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அங்கே ஒரு அம்மா கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை. அந்த ஊரில் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்று வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் வயதில் மூத்தவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, மற்ற எல்லோரும் கூழ்ப் பானையோடு வெளியே வந்து கதவைச் சாத்தி, வெளிச் சங்கிலியை மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஊர் எல்லை வரைக்கும் போவார்கள். பஞ்சத்தில் கிழடுகளை விட்டுவிட்டுப் பிழைக்கப் போனதற்காக இது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சாரிடம் சொல்லியிருக்கிறார். சார் பல வருஷம் ஆடிக்கு ஆடி போய்ப் பார்த்துவிட்டு எழுதினார். 'பெற்றவர்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள்.' அந்த அத்தியாயத்தில்தான் அவருக்குப் பெயர் வந்தது. புத்தகம் கேட்பவர்கள் அதற்காகத்தான் கேட்பார்கள்.

அதை டைப் அடித்துக் கொடுத்தவள் அவர் மகள் சிவப்ரியா.

சிவப்ரியா மெல்போர்னில் இருக்கிறாள். ஐம்பதை நெருங்குகிற வயது. எனக்குச் சம்பளம் போடுவது அவள்தான். தினமும் காலையில் கூப்பிடுவாள். என்னைத்தான் கூப்பிடுவாள், அப்பாவை அல்ல.

"ஆன்ட்டி, பி.பி. எவ்வளவு?"

சொல்வேன்.

"மோஷன் போனாரா?"

"போனாரும்மா."

"சரி ஆன்ட்டி. வெச்சிடறேன்."

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைப்பேன். சார் பக்கத்து நாற்காலியில் போனுக்கு அருகில் இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன் மோஷனைப் பற்றி மகள் கேட்பதைக் கேட்பார். அந்த நேரத்துக்கு முன்னால் சட்டையை மாற்றிக்கொள்வார். அதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

"அவரு இங்கதான் இருக்காரு. நீங்களே கேளுங்களேன்மா," என்று ஒருநாள் சொன்னேன்.

"வேண்டாம் ஆன்ட்டி," என்று வைத்துவிட்டாள். பிறகு நான் மாடியில் துணி காயப் போடும்போது தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

அம்மா இறந்த பிறகு அவரைத் தன்னோடு அழைத்துப் போக வந்திருக்கிறாள். மூன்று மாதம் இங்கேயே இருந்து விசா, டாக்டர் சான்றிதழ், எல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறாள். அவரும் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்புகிற அன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். கெஞ்சினாள், அழுதாள். லீவு முடிந்துவிட்டது, வாசலில் கார் நிற்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது பின்னாலிருந்து சொல்லியிருக்கிறார்: "தாது வருஷத்துல பண்ணினதைத்தான் நீயும் பண்றே. போ. வெளியில பூட்டிண்டு போ."

"நான் டைப் அடிச்ச வரி ஆன்ட்டி அது," என்றாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை.

படுக்கையில் கிடப்பவர்கள் இதைவிட மோசமாகத் திட்டி நான் கேட்டிருக்கிறேன். மருமகளை வேசி என்பார்கள், பெற்ற பிள்ளையைத் திருடன் என்பார்கள். வலி பேசுகிறது என்று விட்டுவிடுவோம். இவர் ஆதாரத்தோடு திட்டியிருக்கிறார். அதுதான் வித்தியாசம். படித்தவர்கள் திட்டினால் அது அச்சில் வேறு இருக்கிறது.

அந்தச் சித்திரையில் கடலூரிலிருந்து திருநாவுக்கரசு என்ற பதிப்பாளர் போன் செய்தார். சின்னப் பதிப்பகம். புத்தகத்தை மறுபடியும் போடுவதாகவும் புதிதாக ஒரு முன்னுரை வேண்டும் என்றும் கேட்டார். சாருக்குப் படிக்க முடியாது. நான் தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் படித்துக் காட்டினேன். பத்தாம் வகுப்பு படித்தவள்தான், ஆனாலும் தமிழ் நன்றாகப் படிப்பேன். அந்த அத்தியாயம் வந்தது. 'வெளியே சங்கிலியை மாட்டினார்கள்' என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"இதை நான் பார்த்தேனா?"

"பார்த்தேன்னுதான் எழுதியிருக்கீங்க."

"எங்க இருந்து பார்த்தேன்?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "அது எழுதல சார்."

"பசங்களுக்கு முப்பது வருஷம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். யாரு சொன்னா, எங்க நின்னு சொன்னான்னு கேளுங்கோன்னு," என்றார். பிறகு தூக்கம் வருகிறது என்றார். தூங்கவில்லை. மறுநாள், ஆடியில் அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்தார்.

நான் முடியாது என்றேன். வெயில், கூட்டம், அடிக்கடி மூத்திரம். வழியில் எங்கே போவது? அவர் கேட்கவில்லை. காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளினார். சாப்பிடாமல் மிரட்டுகிற கிழவர்களை எனக்குப் பழக்கம்தான், ஆனால் இவருக்குச் சர்க்கரை இறங்கும். கடைசியில் தெரிந்த டிரைவர் ராபர்ட்டைக் கூப்பிட்டு நாள் பேசினேன். மகளிடம் சொன்னேன். "அந்த ஊருக்கா?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

வாக்கர், மாற்று வேட்டி, யூரின் கேன், குளூக்கோஸ், வெந்நீர் ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டோம். புவனகிரி தாண்டி வயலுக்கு நடுவில் இறங்கியது ரோடு. ஊருக்குள் போனதும் ஒருவர் அடையாளம் கண்டு ஓடி வந்து, தெருவில் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்.

"ஐயிரு எடம் இதுதான். முன்னாடியெல்லாம் மர நாற்காலி," என்றார்.

சார் உட்கார்ந்து, வாக்கரைப் பிடித்தபடி எதிர் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இங்கதான். இங்க இருந்துதான் பார்த்தேன்."

"ஒரு தடவைகூட உள்ள போகலையா சார்?"

"அம்மா இருந்தவரைக்கும் வெளியில தண்ணி குடிச்சா ஆத்துக்குள்ள விடமாட்டா. ஃபிளாஸ்க் கொடுத்து அனுப்புவா. அவ போனப்பறமும் எனக்கு அதுவே பழகிடுத்து. அவாளும் கூப்பிட்டதில்லை. ஐயர் வரமாட்டார்னு நாற்காலியைத் தூக்கிண்டு வந்துடுவா."

நல்ல ஏற்பாடுதான். இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. ஆனால் அவருடைய மூத்திரப் பைக்கு அந்த மரியாதை தெரியாதே. பம்பைக்காரர்கள் தெருமுனையில் மேளத் தோலுக்குச் சூடு காட்டிக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. தெருவெல்லாம் பெண்கள், கேனை எடுக்க முடியாது. எதிர் வீட்டு வாசலில் மஞ்சள் புடவை கட்டிய ஒரு பெண் பானைக்கு வேப்பிலை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, பெரியவருக்கு ஒண்ணுக்குப் போவணும். உங்க வூட்டு பாத்ரூம் எங்க?"

அவள் பயந்துவிட்டாள். "ஐயிரா? எங்க வூட்டுக்குள்ளயா?"

"மூத்திரத்துக்கு ஐயிரு என்னா, ஆரு என்னா. வழிய வுடு."

உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது. "கூட்டியாடி கயலு! அவரு என்னா தெருவுலயா போவாரு?"

கயல்விழி வழி விட்டாள். வாசற்படியைத் தாண்டி வாக்கரைத் தூக்கி வைப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கூடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவள் இருசம்மாள், கயல்விழியின் மாமியார். ஒடிசலான உடம்பு, வெற்றிலைக் கறை, கண்ணில் நல்ல பார்வை. பின்கட்டில் சாருக்கு வேலை முடிந்து, வேட்டி மாற்றி, நாங்கள் கூடத்துக்குத் திரும்புவதற்குள் வெளியே பம்பை பலமாகிவிட்டது. கயல்விழி பானையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அத்த, நேரமாவுது! இவுங்கள வெளிய அனுப்பு!"

இருசம்மாள் சாரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்கு என்னா வயசு சாமி?"

"எண்பத்தொண்ணு."

"எனக்கு அவ்ளோ இருக்காது. அப்ப இந்த வூட்டுல இப்ப நீதான் பெரிசு. பெரிசு வெளிய போவக் கூடாது. ஒக்காரு." என் பக்கம் திரும்பினாள். "நீ?"

"அறுபத்தஞ்சு."

"நீயும் கெழவிதான். ஒக்காரு."

கயல்விழி கதவை வெளியே இருந்து இழுத்துச் சாத்தினாள். கூடம் இருண்டது. இருசம்மாள் எழுந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த நீளக் கட்டையைக் காட்டினாள். "புடி சாமி. பெரிசுதான் போடணும்."

"என்னது?"

"கட்ட சாமி, கதவுக் கட்ட. ரெண்டு பக்கமும் இரும்புக் கொக்கி இருக்கு பாரு, அதுல வையி."

கதவின் உள்பக்கம் குறுக்குக்கட்டை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நான்தான் உள்ளே இருக்கிறேனே. சார் தடவித் தடவி ஒரு முனையை மாட்டினார், இருசம்மாள் மறு முனையைத் தள்ளினாள். அவர் கை விரலை எடுத்து மடக்கி, கதவில் இரண்டு தட்டுத் தட்ட வைத்தாள். அதற்குப் பிறகுதான் வெளியே சங்கிலி விழுந்தது. கொலுசும் பம்பையும் தெருவில் இறங்கிப் போயின.

"தட்டினப்பறந்தான் சங்கிலி போடறாளா?" என்று சார் கேட்டார்.

"பின்ன? நாம கட்டப் போட்டாத்தான் அவ சங்கிலி போடுவா. போன வருசம் எனக்கும் அவளுக்கும் சண்ட. நான் கட்டயே போடல. நின்னா பாரு, பானயத் தூக்கிக்கினு, வெயில்ல!" வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"தெருவுல உட்கார்ந்தா தட்டற சத்தம் கேக்கலையே."

"பம்ப அடிக்கிறப்ப எப்பிடிக் கேக்கும்?"

"கட்டை ஏன் உள்ள இருந்து போடணும்?"

"போடலன்னா திரும்பி வந்துடுவாங்கல்ல," என்றாள், இது என்ன கேள்வி என்பதுபோல. "போறவன் பாதி வழியில நெனச்சிக்குவான், ஐயோ அம்மான்னு. தெறந்து கெடந்தா உள்ள வந்துடுவான். அப்பறம் எல்லாருந்தான் சாவணும்."

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"எங்க மாமியா."

"அவங்களுக்கு?"

"அவுங்க மாமியாளா இருக்கும். ஆரு கண்டா? நீ பாத்தியா?"

"இல்லை."

"நானுந்தான் பாக்கல."

"அப்பறம் வெளியில எதுக்குச் சங்கிலி? அதான் உள்ள கட்டை இருக்கே?"

"போடறாங்க. எதுக்குன்னு நான் கேட்டதில்ல," என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். சற்று நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

சத்தம் முழுக்க ஊர் எல்லைப் பக்கம் போய்விட்டது. தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இப்படி ஒரு கிழமோ கிழவியோ உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கதவுக்குக் கீழே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சார் கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். நாடி பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் வேகம், பயப்பட ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து கயல்விழி தட்டினாள். சார் இருசம்மாளை எழுப்பி, "தொறக்கட்டுமா?" என்று கேட்டார்.

"தொறய்யா. கூழு வருது."

கேழ்வரகுக் கூழை மோரோடு ஒரு சொம்பு குடித்தார், சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. ஃபிளாஸ்க் பையிலேயே இருந்தது. சாயங்காலம் சர்க்கரை ஏறியிருந்தது.

கார் புவனகிரியைத் தாண்டியது. பிறகு, "இதுவும் எனக்குச் சௌகரியமா இருக்கு புஷ்பவள்ளி. அதான் பயமா இருக்கு," என்றார்.

"என்னா சார் சௌகரியம்?"

"முப்பத்தாறு வயசுல எல்லாத்துக்கும் வெள்ளைக்காரன்தான் காரணம்னா சௌகரியமா இருந்தது. ரெண்டாம் பதிப்புக்கு முன்னாடி எங்கப்பாவுக்குப் புத்தி தடுமாறிடுத்து. கோயிலுக்குப் போறேன்னு வேட்டி இல்லாம தெருவுல ஓடுவார். எனக்குக் காலேஜ், ஆத்துக்காரிக்கு ஸ்கூல்ல வேலை. நான் அப்பாவை உள்ள வெச்சு வெளியில பூட்டிண்டு ரயிலேறுவேன். ஒருநாள் சாயங்காலம் வந்து தொறந்தா கதவுகிட்டயே கெடந்தார், போயிட்டார். அந்த வருஷந்தான் அந்த அத்தியாயத்தை எழுதினேன். ஊரே பூட்டினதுன்னு எழுதறதும் சௌகரியமாத்தான் இருந்தது."

ராபர்ட் ஹாரன் அடித்து ஒரு லாரியை ஒதுக்கினான்.

"இப்ப நான் கெழம். உள்ள இருந்து நாங்களே போட்டுண்டோம்னு சொன்னா எனக்குத்தானே பெருமை? அதான் பயமா இருக்கு."

பூட்டிவிட்டுப் போவது நான் தினம் பார்க்கிற விஷயம். கடலூரில் எத்தனையோ வீடுகளில் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் போகிறவர்கள் கிழவரை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போகிறார்கள். வேறு வழி இல்லை. "மாத்திரை நேரம் ஆச்சு சார்," என்றேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

முன்னுரை எழுத இரண்டு மாதம் ஆயிற்று. சொல்வார், நான் எழுதுவேன். மறுநாள் அதைக் கோடு போட்டு அடிக்கச் சொல்வார். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'அந்த ஊர்க் கதவுகளை நான் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வெளியே போட்ட சங்கிலி தெரிந்தது. உள்ளே கட்டை போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தாது வருஷத்தில் எந்த வீட்டில் எதை முதலில் போட்டார்கள் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.'

திருநாவுக்கரசு போனில் தவித்தார். "சார், அந்த வரியத்தான் எல்லாரும் மேடையில சொல்றாங்க!"

"அவா சொல்லட்டும். புஸ்தகத்துல இருக்காது."

மறுநாள் காலை மகள் கூப்பிடும் நேரத்துக்கு முன்னால் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பி.பி. கேட்டாள், மோஷன் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மேஜை பக்கம் சாய்ந்து பேச ஆரம்பித்தார்.

"ப்ரியா. அன்னிக்கு நான் சொன்னது பொய். நீ பூட்டலை. நீ கூப்பிட்டே, நான்தான் வரலை. உள்ள கட்டையைப் போட்டது நான்." மூச்சு வாங்கினார். "அந்த ஊர்க்காரா கட்டையைப் போட்டுட்டு வாயை மூடிண்டு இருந்திருப்பா. நான் கட்டையையும் போட்டேன், பேசவும் பேசினேன்."

அந்தப் பக்கம் பஸ் போகிற சத்தம் கேட்டது. "எனக்கு மீட்டிங் இருக்கு ஆன்ட்டி," என்றாள். வைத்துவிட்டாள்.

அவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. சட்டையைக் கழற்றவும் இல்லை. அப்படியே தூங்கினார்.

மறுநாள் அதே நேரத்துக்குப் போன் வந்தது. "பி.பி. எவ்வளவு ஆன்ட்டி?" சொன்னேன். "மோஷன் போனாரா?"

நான் போனை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"போனேன்," என்றார் சார்.

"சரிப்பா," என்றாள்.

தை மாதம் வந்தாள். பத்து நாள் லீவு. முன்னுரையை அவளே டைப் அடித்துக் கடலூருக்கு அனுப்பினாள். அப்பாவுக்கு எந்தப் பக்கம் பார்வை தெரிகிறது என்று கண்டுபிடித்து அந்தப் பக்கமாகவே உட்கார்ந்துகொண்டாள். மெல்போர்னுக்கு வருகிறாயா என்று ஒரே ஒருமுறை கேட்டாள். இந்த உடம்போடு முடியாது என்றார். அது உண்மைதான். டாக்டரும் அதையேதான் சொன்னார். அவளும் இங்கே இருக்க முடியாது. அங்கே வேலை, காலேஜில் படிக்கிற பிள்ளை. யார்மேலும் குற்றம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

கிளம்புகிற அன்று மத்தியானம் டாக்சி வந்தது. ஏறினாள். இறங்கி வந்து சார்ஜரை எடுத்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கி வந்து, மாத்திரை டப்பாவை என்னிடம் இரண்டாம் முறை விளக்கினாள். நான்தான் அதை நிரப்பியவள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தாள். ஃப்ளைட் சென்னையில், ரயில் கேட்டில் நின்றால் தாமதமாகும்.

சார் வாக்கரோடு எழுந்து வாசலுக்கு வந்தார். என்னிடம், "அந்த டேப்பை எடுங்கோ," என்றார்.

"சார், கூடாது."

"நீங்கதான் உள்ள இருக்கேளே."

எடுத்தேன். அவர் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைத் தடவிப் பிடித்துத் தள்ளினார். இறுகிப் போயிருந்தது. நான் கை வைக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். மெதுவாக அவரே முழுக்கப் போட்டார். விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

வெளியே செருப்புச் சத்தம் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு படி இறங்கியது. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டாக்சி தெருவைத் திரும்பிப் போனது.

அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றார்.

"போயிட்டாளா?"

"போய்ட்டாங்க சார். ஒக்காருங்க, கால் வீங்கிடும்."

கையைப் பிடித்து நாற்காலிக்குக் கொண்டுபோய் உட்கார வைத்துக் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தேன். பிறகு வந்து தாழ்ப்பாளை எடுத்தேன். பழைய டேப் பசை விட்டுப்போய் ஒட்டவில்லை. புதிதாக வெட்டிச் சுற்றினேன்.